டெஸ்ட் எல்லாம் நார்மல், ஆனா உடம்பு முடியல: டயக்னோஸ் பண்றது எப்படி

ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்ல, அப்போ மனசு பிரச்சனைதான்னு எழுதிட்டு சைக்கியாட்ரிக்கு தள்ளி விடுறது, புதுசா டியூட்டிக்கு வர்ற டாக்டருங்க நிறைய பேர் பண்றது, நானும் பண்ணிருக்கேன். ஆனா டெஸ்ட் நார்மல்ங்கறது ஒரு டயக்னோசிஸே கிடையாது.

2013ல வந்த டிஎஸ்எம்-5ல (மனநோய்கள டயக்னோஸ் பண்ற அமெரிக்கக் கையேடு), சோமாட்டிக் சிம்ப்டம் டிஸார்டருக்கு, அதாவது உடம்பு அறிகுறிய பத்தின கவலை அளவு மீறிப் போற நிலைக்கு, "மருத்துவக் காரணம் தெரியாத" அறிகுறியா இருக்கணும்ங்கற கண்டிஷனையே எடுத்துட்டாங்க. ஹார்ட் அட்டாக் வந்து தேறினவருக்கும் இது இருக்கலாம். அறிகுறிய பத்தின நெனப்பு, பயம், அதுக்காக செலவாகுற நேரம் இதெல்லாம் அளவுக்கு மீறி இருக்கா, பொதுவா 6 மாசத்துக்கு மேல நீடிக்குதான்னுதான் பாக்கணும். அதனால எங்க வலிக்குதுன்னு மட்டும் கேக்காம, வலி வந்தா என்ன நினைக்கிறீங்க, அன்னைக்கு என்ன வேலை நின்னு போகுதுன்னு கேளுங்க, அப்பதான் விஷயம் வெளிய வரும். அறிகுறி பெருசா எதுவும் இல்லாம நோய் வந்துருமோங்கற பயம் மட்டும் பிடிச்சு ஆட்டுதுன்னா அது வேற, இல்னஸ் ஆங்சைட்டி.

திடீர்னு கால் அசைக்க வரல, வலிப்பு மாதிரி வருது இதெல்லாம் ஃபங்ஷனல் நியூராலஜிக்கல் பக்கமா இருக்கலாம், அதாவது நரம்பு அறுந்து போகாம அது வேலை செய்யற விதம் மட்டும் மாறிப் போறது. இங்க ஸ்கேன் நார்மல்னு மட்டும் சொல்லி முடிக்கக் கூடாது, அதுக்குன்னே இருக்கற அடையாளத்த தேடணும். எனக்குப் பிடிச்சது ஹூவர் சைன், 1908லயே எழுதி வச்சது. பேஷண்ட படுக்க வச்சு, வராத காலோட குதிகாலுக்கு அடியில உங்க கைய வைங்க, கால கீழ அழுத்தச் சொன்னா பலம் இருக்காது, அப்புறம் நல்ல கால மேல தூக்கச் சொல்லி நீங்க எதிர்த்து அமுக்குங்க, வராதுன்ன கால் தானா உங்க கைய அழுத்தும். நடிப்புன்னு நினைச்சுடாதீங்க, கவனம் அந்தக் கால் மேல போறப்ப அதோட இயல்பான அசைவு தடைபடுது, அவ்வளவுதான். இடுப்பு வலி இருந்தா இந்த டெஸ்ட் ஏமாத்தும், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

டிப்ரஷன், பேனிக் இத கேக்காம விடாதீங்க, உடம்பு வலின்னு வர்றவங்ககிட்ட பல நேரம் அதுவும் ஒளிஞ்சிருக்கும். தைராய்டு, லூபஸ் (உடம்போட எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கறது), எம்எஸ் (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், மூளை, தண்டுவட நரம்பு உறை கெட்டுப் போறது), மயஸ்தீனியா (தசை சீக்கிரம் சோர்ந்து போறது) மாதிரி அறிகுறி கூடிக் குறையற நோய்களையும் ஒரு தடவை யோசிச்சிருங்க. வேணும்னே நடிக்கறது அபூர்வம், முதல்லயே அந்த சந்தேகத்தோட உள்ள போனா பேஷண்ட் வாயே திறக்க மாட்டாங்க.

சொல்றப்ப "உங்களுக்கு ஒண்ணுமில்ல"ன்னு சொல்லாதீங்க. அந்த ஹூவர் சைன அவங்களுக்கே செஞ்சு காட்டுங்க, "பாருங்க, நரம்பு அறுந்து போகல, சிக்னல்தான் மாறுது"ன்னு. அதுக்கப்புறம் புதுசா ஏதாவது அறிகுறி வந்தா, பழைய ஃபைல பாத்துட்டு விட்டுறாம திரும்ப கை வச்சு பாருங்க.