பார்சல் ரசீதை எட்டு வருடம் வைத்திருங்கள்

வில்லியனூர் சுடுமண் பொம்மைகளையும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளையும் 2018 முதல் ஆன்லைனில் விற்கிறேன். புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைதான் கிடங்கும் அலுவலகமும். பார்சல் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் ரசீதுக்கு வேலை முடிந்தது என்று நினைத்து, எல்லாவற்றையும் ஒரு ஷூ டப்பாவில் போட்டு வந்தேன்.

2022-ல் ஜிஎஸ்டி கணக்கு பற்றி விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. 2019-20-ல் அனுப்பிய சில பார்சல்கள் எந்த ஊருக்குப் போயின என்று காட்டச் சொன்னார்கள். டப்பாவைத் திறந்தால் ரசீதுகள் பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத்தாள். வெப்பத்தாளில் அச்சடித்த எழுத்து, மாடிச் சூட்டில் மங்கிப் போயிருந்தது. டிராக்கிங் எண்ணைத் தட்டினால் தளத்திலும் ஒன்றும் வரவில்லை.

பாண்டியில் இருப்பவர்களுக்கு இந்த ஆதாரம் மற்றவர்களைவிட அதிகம் தேவை. ஜிஎஸ்டியில், அனுப்பிய பொருள் எங்கே போய்ச் சேர்கிறதோ அந்த மாநிலம்தான் கணக்கு. கடலூர் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் அது வெளிமாநிலம். வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி போட வேண்டும். தமிழ்நாட்டைத் தாண்டிப் போனாலும் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால், அந்தப் பார்சலுக்கு உள்மாநில வரி. மாஹேக்கும் ஏனாமுக்கும் அப்படித்தான். பின்கோடை நம்பியும் போட முடியாது. ஆரோவில்லின் 605101 பார்க்கப் பாண்டி எண் போலத்தான் இருக்கும். ஆனால் அது விழுப்புரம் மாவட்டம். பாகூர் 607402, கடலூர்ப் பக்கத்து எண் போல் இருந்தாலும் புதுச்சேரி. நான் தவறியதும் இங்கேதான். ஆரோவில்லுக்குப் போன ஏழு பார்சல்களுக்கு உள்மாநில வரி போட்டிருந்தேன். சரியான வரியைப் புதிதாகக் கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

சரி, எவ்வளவு நாள் வைத்திருப்பது? ஜிஎஸ்டி எண் உள்ளவர்களுக்குச் சட்டம் சொல்வது, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம். 2024-25 கணக்குக்குக் கெடு 31 டிசம்பர் 2025. ஆக, 31 டிசம்பர் 2031 வரை. ஏப்ரல் 2024-ல் அனுப்பிய பார்சலுக்கு அது ஏழே முக்கால் வருடம் ஆகிறது. பலர் அனுப்பிய நாளிலிருந்து ஆறு வருடம் எண்ணிவிடுகிறார்கள், அது போதாது. மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால், அது முடிந்து ஒரு வருடம் வரை அந்தக் காகிதத்தைத் தொடக் கூடாது. இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருடம், வர வேண்டிய பணத்துக்கு வழக்குப் போடப் பொதுவாக 3 வருடம் என்று வேறு கணக்குகளும் உண்டு. தனித்தனியாக நினைவில் வைப்பதைவிட எட்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆடிட்டர் அக்கா சொன்ன வழி அது, நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

ரசீதை வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். நாளைக்கு என்று விட்டால் நடக்காது. படத்துக்குத் தேதி, பில் எண், டிராக்கிங் எண் மூன்றையும் சேர்த்துப் பெயர் வையுங்கள். ஸ்பீடு போஸ்டில் டிராக்கிங் எண் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ஐஎன் என்று வரும். ஒரு இலக்கம் விட்டாலும் பிறகு தேட முடியாது. டெலிவரி ஆனதும் டிராக்கிங் பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். பில்லில் பின்கோடோடு மாநிலத்தின் பெயரையும் எழுதுங்கள். ஒரு பிரதி கிளவுடில், இன்னொன்று ஹார்டு டிஸ்க்கில்.

அசல் ரசீதை லேமினேட் செய்யாதீர்கள், அந்தச் சூட்டில் தாளே கறுத்துவிடும். காகித உறையில் போட்டு வெயில் படாத அலமாரியில் வைத்தால் போதும். பொம்மை உடைந்தது என்று புகார் வந்தால் காட்டுவதற்காகப் பேக்கிங் நேரத்தில் எடுக்கும் வீடியோக்களை மட்டும் நான் மூன்று வருடத்துக்கு மேல் வைப்பதில்லை, இடம் அடைக்கிறது.

எட்டு வருடம் முடிந்த கட்டை அப்படியே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதில் நம்மை நம்பி வாங்கியவர்களின் பெயர், முகவரி, போன் எண் இருக்கிறது. முதலில் அந்தப் பகுதியைக் கிழித்துத் துண்டு துண்டாக்குங்கள். அப்புறம் கிளவுடிலும் டிஸ்க்கிலும் அந்த வருடத்து ஃபோல்டரை அழித்துவிடுங்கள்.