பழுப்பாயிருச்சுன்னு பறிச்சு வீசிறாதீங்க: பூனா கீரா வெள்ளரியில நாம பண்ற தப்புகள்

போன சித்திரையில எங்க வீட்டு மூணாங்கட்டு கிணத்தடிப் பந்தல்ல தொங்கிக்கிட்டிருந்த ஏழு காயை, கூட்டிப் பெருக்க வர்ற அக்கா "எல்லாம் அழுகிப்போச்சு தம்பி"ன்னு பறிச்சு மாட்டுக்குப் போட்டுட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. பாக்க உருளைக்கிழங்குத் தோல் மாதிரி பழுப்பா, மேல வலை போட்ட மாதிரி வெடிப்பு வெடிப்பா இருந்தா யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க. ஆனா பூனா கீரான்னு ஒரு பழைய நாட்டு வெள்ளரி இருக்கு, அதோட குணமே அதுதான். பிஞ்சுல வெளுத்த பச்சையா, கிட்டத்தட்ட வெள்ளையா இருக்கும், அப்புறம் மஞ்சளாகும், கடைசியில பழுப்பாகும். பழுப்பானதை வெட்டிப் பாத்தாலும் உள்ள வெள்ளை வெளேர்னு, கடிச்சா நறுக்குன்னுதான் இருக்கும்.

பேரைச் சொன்னா எங்க தெருவுல "என்ன கீரைப்பா அது"ன்னு கேக்குறாங்க. கீரை இல்ல ஆச்சி, இந்தியில வெள்ளரிக்கு கீரான்னு பேரு, பூனாங்குறது புனே.

இதுல முதல் குழப்பம், இதை நம்ம வெள்ளரிப்பழத்தோட சேத்துப் பாக்குறது. கோடையில ஓலை சுத்தி விக்குமே, பழுத்தா தானா வெடிச்சு மாவு மாவா வரும், சீனி போட்டுத் திம்போமே, அது பேர்ல மட்டும்தான் வெள்ளரி, சாதியில முலாம்பழத்தோட சேந்தது. பூனா கீரா அசல் வெள்ளரி. அது வெடிக்கும், வாசம் வரும்னு காத்துக்கிட்டு இருந்தீங்கன்னா கொடிதான் காஞ்சு போகும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டாலும் ஒண்ணோட ஒண்ணு கலக்காது, அந்தக் கவலை வேணாம்.

விதைக்கிற பட்டம் தப்பிப் போடுறது அடுத்தது. வெயில் தாங்குற ரகம்னு கேட்டுட்டு நான் முதல் தடவை பங்குனி கடைசியில விதைச்சேன், சரியா பூக்குற நேரத்துல அக்னி நட்சத்திரம் வந்துருச்சு, பூவெல்லாம் கருகிக் கொட்டுது. செடி தாங்குச்சு, பூ தாங்கல. நம்ம செட்டிநாட்டுப் பக்கத்துக்கு தை கடைசி, இல்லன்னா மாசி முதல் வாரம் போட்டுறணும். விட்டா ஆடி. ஐப்பசி மழையில போட்டா இலைக்கு அடியில பூஞ்சணம் புடிச்சு மஞ்சத் திட்டு திட்டா விழும், பாக்கவே மனசு கேக்காது.

விதையை ட்ரேயில முளைக்க வெச்சு ஒரு மாசம் வளத்துட்டு எடுத்து நடுறாங்க பாருங்க, அதுவும் தப்பு. வெள்ளரி வேரைத் தொட்டா சுணங்கிரும். நேரா மண்ணுலயே ஒரு விரக்கணு ஆழத்துல ஊணிறுங்க, முடியலன்னா பேப்பர் கப்புல போட்டு ரெண்டு இலை விட்டதும் கப்பைக் கிழிச்சு அப்படியே இறக்கிறுங்க. பையில வளக்கிறதா இருந்தா பை சின்னதா இருக்கக்கூடாது, ஒரு கொடிக்கு இருபது லிட்டராவது மண்ணு வேணும். மொட்டை மாடி தட்டோட்டு மேல கறுப்பு க்ரோ பேக்கை அப்படியே வெச்சா மத்தியானம் வேர் வெந்துரும், அடியில ரெண்டு செங்கல், சுத்தி ஒரு பழைய சாக்கு.

நம்ம செம்மண்ணு சரளையில தண்ணி நிக்காது, அதனால நேத்து மறந்துட்டோமேன்னு இன்னைக்கு ரெண்டு வாளியைக் கொட்டுறது வேலைக்காகாது. ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் வெள்ளம்னு போனா காய் கசக்கும். காலையில வேர்ல மட்டும் அளவா ஊத்தி மேல சருகைப் பரப்பி விட்டாப் போதும்.

கசப்புன்னதும் ஞாபகம் வருது, "பாகக்காய் பக்கத்துல போட்ட, அதான் கசக்குது"ன்னு எங்க அப்பத்தா இன்னமும் சொல்லும். பாகலும் வெள்ளரியும் கலக்கவே கலக்காது. பக்கத்து வீட்டு வேற வெள்ளரியோட மகரந்தமே வந்தாலும் இந்த வருசக் காயோட ருசி மாறாது, அதுக்குள்ள இருக்குற விதையிலதான் மாத்தம் இருக்கும், அடுத்த தடவை போடும்போதுதான் தெரியும். கசப்புக்குக் காரணம் வெயிலும் தண்ணியும்தான். காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலயும்தான் அது அதிகம், அதனால காம்போரமா ஒரு இஞ்ச் வெட்டித் தள்ளிட்டு தோலைச் சீவினா பெரும்பாலும் சரியாயிரும். அப்பவும் நாக்கைச் சுருட்டுற அளவுக்குக் கசந்தா திங்காதீங்க, வயித்தைப் பெரட்டிரும்.

முதல்ல வர்ற பூவெல்லாம் கொட்டிப்போகுதுன்னு கடைக்கு ஓடி டானிக் வாங்கி அடிக்காதீங்க. அதெல்லாம் ஆண் பூ, அதான் முன்னாடி வரும். பின்னாடி குட்டிப் பிஞ்சோட வருமே, அதுதான் பெண் பூ, வர ரெண்டு வாரம் கூட ஆகலாம். வெந்து மக்காத சாணியையும் யூரியாவையும் அள்ளிப் போட்டிருந்தா இன்னும் லேட்டாகும், இலை மட்டும் தாமரை இலை கணக்கா விரியும்.

பழ ஈ விசயத்துல நான் காசைக் கரியாக்கினேன். ஒரு கடையில கேட்டேன், பொறியை எடுத்துக் குடுத்தாங்க, மாட்டினேன், ஈயும் நெறைய விழுந்துச்சு, ஆனா காயெல்லாம் புழு. அப்புறம்தான் விசயம் புரிஞ்சது, அதுல ஈயை இழுக்க வெச்சிருந்த மருந்து மீத்தைல் யூஜினால், மாம்பழத்துக்கும் கொய்யாவுக்கும் வர்ற ஈக்கு உள்ளது. வெள்ளரி, பாகல், பீர்க்கு, புடலைக்கு வர்ற ஈ வேற, அதுக்கு க்யூலூர்ங்குற மருந்து வெச்ச பொறியாக் கேட்டு வாங்கணும். அதுவும் ஆண் ஈயைத்தான் இழுக்கும், முட்டை வைக்கிறது பொண்ணு. அதனால பூ வாடி பிஞ்சு விரல் நீளம் வந்ததும் ஒரு பேப்பர் பையோ பழைய வேட்டித் துணியோ கட்டிறுங்க. காய் மேல கண்ணாடி மணி மாதிரி ஒரு சொட்டு பிசின் நின்னா முட்டை வெச்சாச்சுன்னு அர்த்தம், அந்தக் காயைச் செடிக்கு அடியில போடாம எரிச்சிறுங்க.

இப்ப பறிக்கிற கதை. கடையில பச்சைக் காயைப் பாத்துப் பழகின கண்ணு, இது வெள்ளையா இருக்கவும் இன்னும் பச்சையாகல போலன்னு விட்டுரும், இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. இது பச்சையாகவே ஆகாது. நாலு அஞ்சு இஞ்ச் நீளம், கையில புடிச்சா திண்டுன்னு இருக்கணும், அப்ப பறிச்சா உப்பு மொளகாப்பொடி தொட்டுத் திங்க அப்படி ஒரு ருசி. மஞ்சளானா பச்சடிக்கு ஆகும். பழுப்பானதை விதையை வழிச்சு எடுத்துட்டு பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கலாம், நான் அரிசி கழுவின தண்ணி ஊத்தி மண்டிக் குழம்பு கூட வெச்சுப் பாத்தேன், வீட்ல யாரும் குறை சொல்லல. ஆனா எல்லாக் காயையும் பழுக்க விட்டீங்கன்னா விதை முத்தினதும் கொடி நம்ம வேலை முடிஞ்சதுன்னு அடுத்த காயை நிறுத்திரும். ஒரு கொடியில ரெண்டை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை வெள்ளையிலயே எடுத்துறணும், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாளாவது பந்தலுக்கு அடியில தலையை விட்டுப் பாக்கணும், இலைக்குப் பின்னாடி ஒண்ணு ஒளிஞ்சு பெருத்துக் கெடக்கும். திருகி இழுக்காதீங்க, கொடியே சேந்து வந்துரும், கத்திரியால வெட்டுங்க.

விதைக்கு விடுற ரெண்டும் வேற வெள்ளரியோட கலக்காம இருக்கணும்னா, மறுநாள் விரியப்போற ஆண் மொட்டு, பெண் மொட்டு ரெண்டையும் முதநாள் சாயங்காலமே நூலால கட்டிறணும். காலையில ஏழு மணிக்குள்ள ஆண் பூவோட இதழைப் பிச்சுட்டு பெண் பூ நடுவுல நல்லாத் தடவி, திரும்பக் கட்டி, காம்புல ஒரு சிவப்பு நூலும் கட்டி வெச்சா பறிக்கிறவங்களுக்கும் தெரியும். காய் நல்லாப் பழுப்பானப்புறம் விதையை அதோட கொழகொழப்போடயே டம்ளர்ல ரெண்டு நாள் ஊற விட்டு, அலசி, அடியில தங்கினதை மட்டும் நிழல்ல காய வைங்க. மூணாம் நாள் வரைக்கும் விட்டுறாதீங்க, நான் ஒருதடவை குன்றக்குடி போயிட்டு வந்து பாக்குறேன், டம்ளருக்குள்ளேயே முளை விட்டிருக்கு.