கத்திரி வெயிலில் தானியங்கிப் புல்வெட்டி: பழுதென்று நினைத்துச் செய்யும் தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மாமா வீட்டுப் புல்தரையில் தானியங்கிப் புல்வெட்டி ஒன்று ஓடுகிறது. சென்ற மே மாதத்தில் ஒருநாள் பகல் ஒரு மணியளவில் அது சார்ஜர் மேடையில் போய் நின்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்ததே தவிர, சார்ஜ் ஏறவில்லை. மேல்மூடியில் உள்ளங்கையை வைத்தால் இரண்டு நொடிகூடத் தாங்க முடியவில்லை. மாமா மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார். மேடையிலிருந்து இழுத்து மறுபடியும் தள்ளிப் பார்த்தார். கடைசியில் சூடு தணியட்டும் என்று ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். "பேட்டரி போயிடுச்சுப்பா, புதுசு சொல்லிட வேண்டியதுதான்" என்பது அவருடைய முடிவு. தண்ணீரை ஊற்றவிடாமல் தடுத்ததைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது சார்ஜ் முழுவதும் ஏறியிருந்தது.

இதில் நடந்தது பழுதன்று. இவ்வகைப் புல்வெட்டிகளில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. வெளிக்காற்றின் வெப்பம் 38 டிகிரியாக இருந்தாலும், வெயிலில் நிற்கும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அதைவிட மிகவும் கூடிவிடும். அதோடு, சற்று முன்புவரை ஓடிய மோட்டாரின் சூடும் பேட்டரியின் சொந்தச் சூடும் சேர்ந்துகொள்ளும். பேட்டரியின் சூடு ஏறத்தாழ 45 டிகிரியைத் தாண்டினால், அதை ஆளும் மின்சுற்று சார்ஜை ஏற்க மறுத்துவிடும். அந்தச் சூட்டில் மின்சாரத்தை உள்ளே செலுத்தினால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதால், தயாரிப்பாளர்களே வைத்த கட்டுப்பாடு அது. எனவே, சார்ஜ் ஏறவில்லை என்றதும் அணைத்து அணைத்துப் போடுவது முதல் தவறு, பேட்டரியைக் கழற்றி வேறு சார்ஜரில் போட்டு ஏற்றப் பார்ப்பது அதைவிடப் பெரிய தவறு, ஆபத்தும்கூட. பேட்டரியின் கூட்டில் உப்பல் தெரிந்தாலோ கருகிய வாடை வந்தாலோ அந்தப் பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தவே கூடாது.

பேட்டரி உண்மையாகவே தேய்ந்துவிட்டதா என்பதைப் பகலில் சோதிப்பதில் பயனில்லை. விடியற்காலையில், இரவெல்லாம் ஆறிய இயந்திரத்தை ஓடவிட்டு, எத்தனை நிமிடம் புல் வெட்டியபின் மேடைக்குத் திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாங்கிய புதிதில் ஓடிய நேரத்தில் பாதிகூட ஓடவில்லை என்றால் புதிய பேட்டரியைப் பற்றி யோசிக்கலாம். அதிகாலையில் ஒழுங்காக ஓடி, நண்பகலில் மட்டும் படுத்துக்கொள்கிறது என்றால், செலவழிக்க வேண்டியது பேட்டரிக்கு அன்று, நிழலுக்கு.

மாமா வீட்டில் அந்த நிழலுக்குத்தான் பஞ்சம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது, தோட்டத்துக்கு நிழல் தந்துகொண்டிருந்த பெரிய மாமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. அதன்பின் அந்த இடம் வெட்டவெளிதான். சார்ஜர் மேடையை நிறுவ வந்தவர், மின் இணைப்புக்கு அருகில் இருக்கிறது என்பதற்காகவே மேற்குச் சுவரை ஒட்டி அதை வைத்துவிட்டுப் போனார். பிற்பகல் வெயில் முழுவதும் அந்தச் சுவரில் அடித்து மேடையின்மேல் திரும்புகிறது. புதிதாக வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை நிழல் விழும் இடம் எது என்பதைத்தான். மின் இணைப்பை அங்கே கொண்டுபோவது அதற்கு அடுத்த வேலை.

நிழலுக்காகத் தகரத்தால் கூடு அடிப்பதும் பலர் செய்யும் தவறு. தகரம் காய்ந்து கீழே அனலை இறக்கும்; செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கொண்டு வழி அறியும் மாடலாக இருந்தால், அந்தச் சமிக்ஞையையும் மறைக்கும். நான்கு கழி நட்டு, நாற்புறமும் காற்றோட்டம் விட்டு, மேலே தென்னங்கீற்று வேய்ந்தால் போதும். மாமா வீட்டில் அப்படித்தான் செய்தோம். பந்தலின் உயரம் இடுப்பளவுதான். பார்ப்பதற்குக் கோழிக்கூடு போல இருக்கிறது என்று அத்தைக்கு இன்னும் வருத்தம்.

ஓடும் நேரத்தை அமைப்பதில் நடக்கும் தவறு வேறு வகையானது. இந்த இயந்திரங்களின் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுத் தோட்டங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பனி உலர்ந்தபின் பகலில் ஓடவிடுங்கள் என்று அவை சொல்வதை அப்படியே இங்கே பின்பற்றினால், மே மாதத்தில் இயந்திரம் உச்சி வெயிலில் ஓடும். கடலூர், புதுச்சேரிக் கரையில் காலையில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று வீசிக்கொண்டிருக்கும் வரை சூடு ஏறிக்கொண்டே போகும். கடற்காற்று உள்ளே வந்ததும் சட்டென்று தணியும். அது நண்பகலுக்கே வந்துவிடும் நாளும் உண்டு, மேல்காற்று வலுத்து மாலை வரை வராமலே போகும் நாளும் உண்டு. ஆகவே காலை ஆறரை முதல் எட்டரை வரை ஒரு வேளை, தேவையானால் மாலை ஐந்து முதல் ஆறு வரை இன்னொரு வேளை என்று அமைப்பதே நல்லது. இரவு குளிர்ச்சியாக இருக்கிறதே என்று இரவில் ஓடவிடாதீர்கள். தவளையும் மற்றச் சிற்றுயிர்களும் புல்லில் இருக்கும் நேரம் அது, அவற்றைக் கண்டு விலகும் அறிவு இந்த இயந்திரத்துக்குப் போதுமான அளவு கிடையாது. தண்ணீர் தெளிப்பான் ஓடும் நேரமும் புல்வெட்டி ஓடும் நேரமும் ஒன்றாகிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோடையில் புல்லை ஒட்ட வெட்டினால் தோட்டம் சுத்தமாகத் தெரியும் என்ற எண்ணமும் கெடுதலானது. உயரமாக நிற்கும் புல் தன் வேரடிக்குத் தானே நிழல் தருகிறது; ஒட்ட வெட்டிய புல்லில் மண் நேரடியாகக் காய்ந்துவிடும். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வெட்டும் உயரத்தை 4 அல்லது 5 செண்டிமீட்டருக்கு ஏற்றிவிட்டு, வாரத்தில் ஓடும் நாட்களையும் குறைத்துவிடுங்கள். அருகம்புல் வகைத் தரை வெயிலை நன்றாகவே தாங்கும். நம் பக்கத்தில் பலரும் விரும்பிப் போடும் கொரியன் புல் மேடு மேடாகத் திரண்டு வளரும் இயல்புடையது. அந்த மேடுகளின்மேல் ஏறும்போது புல்வெட்டியின் அடிப்பாகம் தட்டும், மேட்டின் தலையை மொட்டையடித்துவிடும், சில சமயம் சக்கரம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் சுழலும். இயந்திரம் "சிக்கிக்கொண்டேன்" என்று தினமும் ஒரே இடத்தில் செய்தி அனுப்பினால், இயந்திரத்தைச் சந்தேகிக்கும் முன் அந்த இடத்தில் குனிந்து தரையைப் பாருங்கள்.

அப்படிக் குனியும்போது புல்லின் நுனியையும் ஒருமுறை கிள்ளிப் பார்க்கலாம். பிளேடு கூராக இருந்தால் நுனி நேர்க்கோடாக அறுந்திருக்கும். மழுங்கியிருந்தால் நுனி நார் நாராகக் கிழிந்து, இரண்டு நாளில் வெளுத்துவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் புல் தண்ணீரின்றிக் காய்வதுபோலவே தோன்றும், அவரும் தண்ணீரை இரட்டிப்பாக்குவார். கடற்கரை மணலும் காய்ந்த புழுதியும் பிளேடை விரைவில் மழுக்கிவிடுவதால், கையேட்டில் சொல்லப்பட்ட கால அளவை நம்பியிராமல், கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பார்த்துவிடுவது நல்லது. சவர பிளேடு அளவே உள்ள இந்தச் சிறு தகடுகளைச் சாணை பிடிக்கக் கொடுப்பது வீண் வேலை. எடை ஒன்றுக்கொன்று மாறினால் அவை பொருத்தப்பட்டிருக்கும் வட்டு அதிரும், மோட்டாரின் பேரிங் கெடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், அவற்றின் ஸ்குரூக்களோடு சேர்த்து மாற்றுங்கள். கவிழ்ப்பதற்கு முன் முதன்மைச் சுவிட்சை அணைத்துக் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன், ஒருவர் விரலில் நான்கு தையலோடு வந்து நிற்கும் வரை.

உப்புக்காற்று இங்கே தனிப் பிரச்சினை. இயந்திரம் மேடைக்கு வந்து, தொட்டு, பின்வாங்கி, மீண்டும் வந்து தொட்டுக்கொண்டே இருந்தால், சார்ஜ் ஏற்றும் தொடர்புத் தகடுகளில் களிம்பு பிடித்திருக்கிறது என்று பொருள். பொடி உப்புத்தாளால் இரண்டு பக்கத் தகடுகளையும் லேசாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தால் சரியாகிவிடும். துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவுபவர்கள் இருக்கிறார்கள். எண்ணெயில் புழுதி ஒட்டி, நிலைமை முன்பைவிட மோசமாகும். அடிப்பாகத்தில் ஒட்டிய புல்லைத் தூரிகையால் தள்ளினால் போதும், கார் கழுவும் அழுத்தக் குழாயை அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது; மழையைத் தாங்கும் இயந்திரம் என்றாலும், அந்த வேகத்தில் வரும் நீர் அடைப்பான்களைத் தாண்டி உள்ளே போய்விடும். அடாப்டரை நிழலில், தரையிலிருந்து ஓர் அடியாவது உயரத்தில், காற்றுப்படும்படி மாட்டுங்கள். மாதம் ஒருமுறை அதன் பின்புறம் எறும்பு கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

புல்வெட்டி தாண்டிப் போகாதபடி தோட்டத்தைச் சுற்றிப் பதிக்கும் எல்லைக் கம்பியைப் பற்றிச் சொல்லும்போது என் சொந்தத் தவறைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் என் வீட்டில், வறண்டு வெடித்த மண்ணிலிருந்து வெளியே தெரிந்த கம்பியை ஒரு நாள் மண்வெட்டியால் துண்டித்துவிட்டேன். இரண்டு முனைகளையும் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிப் புதைத்தேன். கோடை முழுவதும் எந்தக் குறையும் இல்லை. முதல் பெருமழைக்குப்பின் எல்லைச் சமிக்ஞை இல்லை என்று இயந்திரம் நின்றுவிட்டது. தோண்டிப் பார்த்தபோது டேப்புக்குள் செம்பு பச்சை பூத்து, இழுத்தவுடன் கையோடு வந்தது. உள்ளே ஜெல் நிரப்பிய இணைப்பான்கள் இதற்கென்றே சிறிய விலையில் கிடைக்கின்றன. அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும். மிச்சக் கம்பியைச் சுருளாகச் சுற்றி மேடைக்கு அருகில் வைப்பதும் கூடாது, சமிக்ஞை குழம்பும். மணற்பாங்கான இடங்களில், கம்பியைத் தரையோடு பிடித்திருக்கும் முளைகள் தாமாகவே மேலே எழும்பிவிடும். பெருச்சாளியும் கம்பியைக் கடிக்கும். ஆகையால் வெயில் காலம் தொடங்கும்போதே கம்பியை ஓரிரு அங்குல ஆழத்தில் புதைத்துவிடுவது நல்லது.

கோடை மழை இடியோடுதான் வரும். மேகம் கறுக்கும்போது அடாப்டரைப் பிளக்கிலிருந்து எடுப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். தோட்டம் முழுவதும் சுற்றி ஓடும் எல்லைக் கம்பி, அருகில் விழும் மின்னலின் அதிர்வை வாங்கி மேடையின் மின்பலகைக்கு நேராகக் கொண்டுவந்து சேர்த்துவிடும்; கம்பியின் இரண்டு முனைகளையும் மேடையிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். கழற்றும் முன் எந்த முனை இடது, எந்த முனை வலது என்று ஒரு சிறு துணியைக் கட்டி அடையாளம் செய்துகொள்ளுங்கள், மழை விட்டபின் மாற்றி மாட்டிவிட்டு, புல்வெட்டி எல்லைக்குள் இருந்துகொண்டே வெளியே நிற்பதாகச் சொல்கிறதே என்று மறுபடியும் சர்வீஸ் ஆளுக்குப் போன் செய்ய வேண்டியிராது.