ஆன் ஆகாத பழைய டெஸ்க்டாப்: கடைக்குத் தூக்கிப் போகும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றதும் பலர் முதல் வேலையாகப் புது எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வாங்கிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். மிஷின் எதுவரை வந்து நிற்கிறது என்று முதலில் கவனியுங்கள். பட்டனை அழுத்தினால் விளக்கு, ஃபேன் எதுவுமே அசையவில்லையா? ஃபேன் ஓடியும் திரை இருட்டாக இருக்கிறதா? சில நொடி ஓடி அணைந்துவிடுகிறதா? திரையில் எழுத்து வந்தபின் நிற்கிறதா? நான்கும் நான்கு விதக் கோளாறு. எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பழுது என்று கடைசிவரை தெரியாது.

ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர், வெள்ளை ரப்பர், காய்ந்த பெயின்ட் பிரஷ், சிஆர்2032 பட்டன் செல் ஒன்று இருந்தால் போதும். திறக்கும் முன் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 10 நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடியும். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். கார்டைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

1. அசைவே இல்லை

சுவர் பிளக்கில் வேறு எதையாவது போட்டுப் பாருங்கள். மானிட்டரின் பவர் கார்டு பெரும்பாலும் சிபியுவுக்கும் பொருந்தும், மாற்றிச் செருகுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பின்னால் உள்ள சுவிட்ச் ஆனில் இருக்கிறதா, 115/230 என்ற சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது 230-இல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் கரண்டில் அதை 115-க்குத் தள்ளினால் எஸ்.எம்.பி.எஸ். வெடித்துவிடும்.

அடுத்து பவர் பட்டன். எல்லாப் பாகங்களும் இணையும் பெரிய போர்டான மதர்போர்டின் ஓரத்தில் பவர் சுவிட்ச், ரீசெட் வயர்கள் செருகியிருக்கும். பவர் சுவிட்ச் வயரைக் கழற்றி, அதே இரண்டு பின்னில் ரீசெட் வயரைச் செருகி, ரீசெட் பட்டனை அழுத்துங்கள். ஆன் ஆனால் பட்டன்தான் பழுது. அப்படியே வைத்துப் பயன்படுத்தலாம், செலவே இல்லை.

ஆகவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சோதியுங்கள். கார்டைப் பிடுங்கி, அதன் எல்லா வயர்களையும் போர்டிலிருந்து கழற்றுங்கள். சில பழைய மாடல்கள் லோடு (மின்சாரம் இழுக்கும் பாகம்) இல்லாமல் ஓடாது. அதனால் பழைய டிவிடி டிரைவ் ஒன்றை மட்டும் மாட்டுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, பிறகு கரண்ட் கொடுங்கள். ஃபேன் சுற்றினால் மட்டும் திருப்தி அடையாதீர்கள். மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரில் வைத்து அளந்து பாருங்கள்: மஞ்சள் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பு 4.75 முதல் 5.25, ஆரஞ்சு 3.14 முதல் 3.46. இதற்கு வெளியே போனால் மாற்றத்தான் வேண்டும்.

2. ஃபேன் ஓடுகிறது, திரை இருட்டு

பழைய மிஷின்களில் அதிகம் பார்ப்பது இதுதான். பல நேரம் ரேமோடு (மதர்போர்டில் செருகும் மெமரி அட்டை) முடிந்துவிடும். ஈரக்காற்றில் ரேமின் தங்கநிறப் பற்களில் படலம் படிகிறது, இணைப்பு விட்டுப்போகிறது. ரேமைக் கழற்றிப் பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைப் பிரஷால் தட்டுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பூச்சு போய்விடும். ஸ்லாட்டையும் வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். இரு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்தி, ஒரே ஒரு ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் வைத்துப் பாருங்கள்.

அப்படியும் வராவிட்டால் ரேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். போர்டில் ஸ்பீக்கர் இருந்து பீப் சத்தம் கேட்டால் நல்ல செய்தி: போர்டும் பிராசசரும் உயிரோடு இருக்கின்றன. சத்தமே இல்லை என்றால் பிராசசர் அருகே உள்ள 4 அல்லது 8 பின் மஞ்சள்-கறுப்பு கனெக்டர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதைக் கழற்றி, மானிட்டர் கேபிளைப் போர்டின் சொந்த விஜிஏ போர்ட்டில் மாட்டுங்கள். போர்டில் உள்ள பட்டன் செல்லைக் கழற்றி 5 நிமிடம் விட்டுப் பொருத்துவதும் சில சமயம் திரையைக் கொண்டுவரும். செல் 2.7 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் புதியது போடுங்கள்.

3. ஓடி அணைகிறது

பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள். பழைய இன்டெல் கூலர்களின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று கழன்றாலே சூடேறி அணையும். ஹீட்சிங்கைக் கழற்றி, அதற்கும் பிராசசருக்கும் இடையே காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்து, அரிசி அளவு புது தெர்மல் பேஸ்ட் வையுங்கள். போர்டில் நிற்கும் குட்டி உருளைக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். புடைத்தோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது சகஜம்.

4. எழுத்து வந்தபின் நிற்கிறது

ஹார்ட் டிஸ்க் இல்லை என்று காட்டினால் டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். செல் மாற்றிய பிறகு 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வந்தால் பயப்பட வேண்டாம். பயாஸ் (ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள புரோகிராம்) செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பியதுதான் காரணம். பயாஸில் சாட்டா மோடு (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) ஐடிஇ-யில் இருந்தால் ஏஎச்சிஐ-க்கு, இல்லையேல் நேர்மாறாக மாற்றினால் விண்டோஸ் வந்துவிடும். ஆனால் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தம் வந்தால் மறுபடி மறுபடி ஆன் செய்யாதீர்கள். அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, முக்கியமான ஃபைல்களை முதலில் நகலெடுங்கள்.