முடிவிலியைத் தகட்டில் காட்ட முயல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எதிரெதிரே இரண்டு எவர்சில்வர் தகடுகளை நிறுத்திவிட்டால் பிம்பங்கள் முடிவின்றி நீளும் என்று நம்புவதே முதல் தவறு. துருப்பிடிக்காத எஃகு, எவ்வளவு மெருகேற்றினாலும், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே திருப்பி அனுப்பும். ஆகவே ஐந்தாவது பிரதிபலிப்பில் எட்டில் ஒரு பங்கு ஒளிதான் எஞ்சும். பத்தாவதில் இரண்டு விழுக்காடுகூடத் தேறாது. நல்ல வெள்ளிப் பூச்சோ ஒவ்வொரு முறையும் 95 விழுக்காடு அளவுக்குத் திருப்புவதால், பத்தாவது பிம்பத்திலும் பாதிக்கு மேல் ஒளி இருக்கும். நீண்ட பிம்ப வரிசைதான் நோக்கம் என்றால் எஃகு அதற்கு ஏற்ற பொருளன்று.

எஃகின் வலிமை வளைவில் இருக்கிறது. சிகாகோவின் மில்லேனியம் பூங்காவில் அனிஷ் கபூர் உருவாக்கிய 'கிளவுட் கேட்' சிற்பம் 168 தகடுகளால் ஆனது. அதன் அடியில் நின்று 'ஓம்ஃபலோஸ்' எனப்படும் குழிவை அண்ணாந்து பார்ப்பவர், தம் உருவம் பலவாகப் பெருகி, நெளிந்து, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி உட்சென்று மறைவதைக் காணலாம். எதிரே இன்னோர் ஆடி அங்கே இல்லை.

வளைவை நாடுவோர் இடத்தை ஆராயாமல் விடுவது அடுத்த தவறு. குழியாடி வெயிலையும் குவிக்கும். லாஸ் ஏஞ்சலிஸின் வால்ட் டிஸ்னி இசையரங்கில் மெருகேற்றிய வளைந்த எஃகுத் தகடுகள் அண்டை வீடுகளைச் சூடாக்கியதால், 2005-இல் அவற்றைத் தேய்த்து மங்கச் செய்ய நேர்ந்தது.

பட்டறையில் நேரும் பிழைகளோ பெரும்பாலும் அவசரத்தின் விளைவு. சொரசொரப்பான எமரித் தாளிலிருந்து நேரே பஃபிங்குக்கு, அதாவது துணிச்சக்கரத்தால் மெருகேற்றுவதற்கு, தாவினால், பளபளப்பு வந்துவிடும், ஆனால் முந்தைய கீறல்கள் அதனடியில் கிடந்து, பக்கவாட்டில் வெளிச்சம் பட்டதும் மெல்லிய கோடுகளாகத் தெரியும். ஒவ்வொரு நிலையிலும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றினால், பழைய கீறல் மறைந்ததா என்பது உடனே புலப்படும். சாதா இரும்பைத் தேய்த்த அதே வட்டை எவர்சில்வருக்கும் பயன்படுத்தினால் இரும்புத் துகள் படிந்து துருப்புள்ளிகள் தோன்றும். மெல்லிய தகட்டில் வெல்டிங் சூட்டினால் உண்டாகும் நெளிவை எந்த மெருகாலும் மறைக்க முடியாது. மெருகு அதை எடுத்துக்காட்டவே செய்யும்.

பராமரிப்பைக் கணக்கில் சேர்க்காததையும் இங்கே சொல்லியாக வேண்டும். 'கிளவுட் கேட்' சிற்பத்தில் மக்களின் கை எட்டும் கீழ்ப்பகுதியை நாளொன்றுக்கு இருமுறை துடைக்கிறார்கள்.