இரண்டு சிஸ்டங்கள் தரவைப் பகிரும்போது: சாவியைக் கொடுக்காமல் அனுமதி கொடுப்பது எப்படி?

ஒரு மருத்துவமனை மென்பொருள், ஒரு ஆய்வக மென்பொருள். இரண்டையும் நடத்துவது வேறு வேறு ஆட்கள், ஓடுவதும் வேறு வேறு சர்வர்களில். ரத்தப் பரிசோதனை முடிவை மருத்துவமனை சிஸ்டம் ஆய்வகத்திடம் கேட்டு வாங்க வேண்டும். வழக்கமாக என்ன நடக்கும்? ஆய்வகம் ஒரு ஏபிஐ கீ, அதாவது சாவி போன்ற ஒரு நீண்ட ரகசியக் குறியீட்டை உருவாக்கி மெயிலில் அனுப்பிவிடும், அதோடு சரி.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இப்படித்தான் இருந்தது. அந்தக் கீயை அமைத்தவர் வேலையை விட்டுப் போன பிறகு, சரி மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் அதே கீயை நான்கு சிஸ்டங்கள் பயன்படுத்துவது தெரிந்தது. எது எதை எடுக்கிறது என்று சொல்ல லாக்கில் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவேட்டில்) ஒன்றுமில்லை. மாற்றினால் நான்கும் நின்றுவிடும், மாற்றாவிட்டால் போனவர் கையில் சாவி. உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது.

வந்திருப்பது யார் என்பது ஒரு கேள்வி. அவருக்கு எதைக் கொடுக்கலாம் என்பது வேறு கேள்வி. ஏபிஐ கீ இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. அவற்றைப் பிரித்து வைக்கத்தான் கீழே உள்ள படிகள்.

படி 1: தாளில் எழுதுங்கள்

எந்தத் தரவு, யாருக்கு, படிக்கவா மாற்றவா. இவ்வளவுதான். தேவைக்கு மேல் ஒரு அனுமதிகூடக் கொடுக்காதீர்கள். சால்ட்சர், ஷ்ரோடர் என்ற கணினி ஆய்வாளர்கள் 1975-லேயே சொன்ன விதி இது, இன்றும் அதிகம் மீறப்படுவதும் இதுதான்.

படி 2: இரண்டு பக்கமும் அடையாளம் காட்டட்டும்

இணையத்தில் போகும் தரவை மறையாக்கிக் காப்பது டிஎல்எஸ். சாதாரண டிஎல்எஸ் இணைப்பில் சர்வர் மட்டும்தான் தன் டிஜிட்டல் அடையாள அட்டையான சான்றிதழைக் காட்டும். இங்கே இருபக்க டிஎல்எஸ் வையுங்கள், கேட்கும் சிஸ்டமும் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஒரு சிஸ்டத்துக்கு ஒரு சான்றிதழ், பங்கு போடக்கூடாது. சான்றிதழோடு சேர்ந்த ரகசியச் சாவி அது உருவான சர்வரை விட்டு வெளியே போகவே வேண்டாம், சான்றிதழ் வழங்குபவருக்கு அதற்கான கோரிக்கையை மட்டும் அனுப்பினால் போதும். செல்லுபடியாகும் சான்றிதழ்தானே என்று யாரையும் உள்ளே விடாதீர்கள், அதில் இருக்கும் பெயர் உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 3: கொஞ்ச நேரம் மட்டும் வாழும் டோக்கன்

டோக்கன் என்பது ஒரு தற்காலிக அனுமதிச் சீட்டு. அனுமதி கொடுப்பதற்கென்று 2012-ல் வெளியான ஓஆத் 2.0 விதிமுறையில், மனிதர் யாரும் நடுவில் இல்லாமல் ஒரு சிஸ்டம் தன் பெயரிலேயே டோக்கன் வாங்க ஒரு வழி இருக்கிறது. ஆய்வகத்தின் டோக்கன் சர்வர் ஐந்து, பத்து நிமிடத்தில் காலாவதியாகும் டோக்கனைத் தரும், மருத்துவமனை ஒவ்வொரு கோரிக்கையோடும் அதை அனுப்பும். பெரும்பாலும் அது ஜேடபிள்யூடி என்ற, டிஜிட்டல் கையெழுத்து போட்ட வடிவில் இருக்கும். உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கையெழுத்து இருப்பதால் மாற்றினால் மட்டும் தெரிந்துவிடும். அதனால் நோயாளியின் விவரம் எதையும் அதற்குள் வைக்காதீர்கள்.

டோக்கனைப் பெறும் பக்கம் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்: கையெழுத்து சரியா, கொடுத்தவர் நாம் நம்பும் சர்வரா, காலாவதி ஆகிவிட்டதா, இந்த டோக்கன் நமக்காகத்தான் எழுதப்பட்டதா. கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வேறொரு சேவைக்கென்று கொடுத்த டோக்கனை அந்தச் சேவையே எடுத்துவந்து உங்களிடம் நீட்டினால், கையெழுத்தும் நேரமும் சரியாகவே இருக்கும், நீங்களும் கதவைத் திறந்துவிடுவீர்கள். இன்னொன்று, எந்தக் கையெழுத்து முறை என்பதை டோக்கன் சொல்லக்கூடாது, நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும். 'கையெழுத்தே இல்லை' என்று டோக்கன் சொன்னதைச் சில லைப்ரரிகள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) அப்படியே நம்பிவிட்ட ஓட்டை 2015-ல் வெளியே வந்தது. அப்புறம் இரண்டு சர்வர்களின் கடிகாரமும், நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி மூலம் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் நல்ல டோக்கனும் செல்லாததாகிவிடும்.

படி 4: ஒவ்வொரு பதிவுக்கும் தனியாகக் கேளுங்கள்

டோக்கனில் 'முடிவுகளைப் படிக்கலாம்' என்று இருக்கிறது. யாருடைய முடிவுகளை? இந்தக் கேள்வியை ஆய்வகத்தின் கோடு (நிரல்) கேட்கவில்லை என்றால், மருத்துவமனை தன் கோரிக்கையின் இணைய முகவரியில் இருக்கும் பதிவு எண்ணை ஒன்று கூட்டிப் போட்டாலே அடுத்த மருத்துவமனையின் நோயாளி விவரம் வந்து விழும். மென்பொருள் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் வெளியிட்ட ஏபிஐ (சிஸ்டங்கள் பேசிக்கொள்ளும் வழி) ஆபத்துப் பட்டியலில் 2019-லும் 2023-லும் முதலிடம் இந்தத் தவறுக்குத்தான். ஆகவே தரவைத் தரும் முன்பு, இந்தப் பரிசோதனையைக் கேட்டு அனுப்பிய மருத்துவமனையும் இப்போது கேட்கும் சிஸ்டமும் ஒன்றுதானா என்று தரவுத்தளத்தில் பாருங்கள். எந்த விதியும் பொருந்தவில்லையா, மறுப்புதான் பதில். மறுக்கும்போதும் 'அனுமதி இல்லை' என்பதைவிட 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்வது நல்லது, அந்த எண்ணில் பதிவு இருப்பதுகூட வெளியே தெரிய வேண்டாம்.

இந்த விதிகளைக் கோடு முழுக்கச் சிதறவிடாமல் ஒரே இடத்தில் வையுங்கள். ஓபன் பாலிசி ஏஜென்ட் போன்ற திறந்தமூலக் கருவி இதற்காகவே இருக்கிறது. ஆரம்பத்தில் உங்கள் கோடில் ஒரே ஒரு ஃபங்ஷன் இருந்தாலும் போதும்.

படி 5: லாக், அப்புறம் சோதனை

யார் கேட்டார், எந்தப் பதிவு, எப்போது, கொடுத்தோமா மறுத்தோமா என்று லாக்கில் எழுதுங்கள். டோக்கனை அதில் எழுதிவிடாதீர்கள்.

உண்மையான தரவை இணைக்கும் முன் நீங்களே உடைத்துப் பாருங்கள். சான்றிதழ் இல்லாமல் வாருங்கள், காலாவதியான டோக்கனை அனுப்புங்கள், டோக்கனில் ஒரு எழுத்தை மாற்றுங்கள், வேறு சேவைக்கான டோக்கனைக் கொடுங்கள், அடுத்த மருத்துவமனையின் பதிவைக் கேளுங்கள். ஐந்தும் மறுக்கப்பட வேண்டும். அடுத்து ஒரு சிஸ்டத்தின் சான்றிதழை ரத்து செய்துவிட்டு, அது மட்டும் நிற்கிறதா, மற்றவை ஓடுகின்றனவா என்று பாருங்கள்.