பேன்ட் அளவை நம்பி ஏமாந்த கதை

பேன்ட் அளவு 34 என்பதால் என் வயிறு கட்டுக்குள் இருப்பதாகவே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். 46ஆம் வயதில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் தையல் டேப்பைச் சுற்றிப் பார்த்தபோது 97 செ.மீ. காட்டியது, பேன்ட்டோ தொப்பைக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே வரம்பு.

உடனே பழைய பரிசோதனை அறிக்கைகளைத் தேடி எடுத்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 104. 100ஐத் தொட்டாலே ஆபத்துக் கணக்கில் சேரும் என்பதை அன்று எவரும் சொல்லவில்லை. ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 188, அதன் வரம்பு 150. ஆண்களுக்கு 40க்குக் குறையக் கூடாத எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு 36ஆக இருந்தது. ரத்த அழுத்தம் மட்டும் 130/85க்குள் அடங்கியிருந்தது. தனித்தனியே பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. ஆனால் வயிற்றுச் சுற்றளவையும் சேர்த்து இந்த ஐந்தில் மூன்று வரம்பு தவறினாலே, நீரிழிவு, இதய நோய் ஆபத்தைக் கூட்டும் வளர்சிதை மாற்ற நோய்க்குறி, எனக்கோ நான்கு.

மருத்துவரின் ஆலோசனைப்படி இரவுச் சோற்றைப் பாதியாக்கி, மாலைத் தேநீரின் சர்க்கரையையும் அதோடு வரும் மிக்சரையும் நிறுத்தி (மிக்சரை விடுவதுதான் பெரும்பாடு), நாள்தோறும் 40 நிமிடம் வேகமாக நடந்தேன். எட்டு மாதங்களில் சுற்றளவு 89, டிரைகிளிசரைடு 139, சர்க்கரை 97 என இறங்கின, எச்.டி.எல். மட்டும் இன்னும் 38இல் நிற்கிறது.